சங்கபுஷ்பி சிரப்பும் ஃபெனிடாயினும்

மூலிகையையும் ஆங்கில மருந்தையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று பேச்சு வந்தால், "இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது" என்று ஒரு கட்சி, "தொடவே கூடாது" என்று இன்னொரு கட்சி. ரெண்டு பேருமே பொதுவாகத்தான் பேசுவார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒரு பம்பாய்க் கதை. ஏன்னா அது ரெண்டு நோயாளிகளிடமிருந்து ஆரம்பிக்கிறது.

முதலில் அந்த வலிப்பு மருந்தைப் பற்றி. ஃபெனிடாயினை 1908-ல் ஹைன்ரிஷ் பில்ட்ஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் தயாரித்தார். அப்புறம் வருஷக்கணக்கில் யாரும் சீண்டவில்லை. பாஸ்டனில் பட்னம், மெரிட் இருவரும் பூனைகளில் சோதித்து, நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து 1938-ல் எழுதினார்கள். அதுவரை இருந்த புரோமைடும் ஃபினோபார்பிட்டோனும் ஆளைத் தூங்கவைக்கும். இது அந்த அளவுக்குத் தூக்கம் தராமலே வலிப்பை அடக்கியது.

ஆனா பொல்லாத மருந்து. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் இருக்கணும். குறைந்தால் வலிப்பு திரும்பும். கூடினால் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை. ஒரு அளவுக்கு மேல் கல்லீரலால் இதை வேகமாகச் சிதைக்க முடியாது, அதனால் சின்ன மாற்றம்கூடப் பெரிசாகத் தெரியும். 1968-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பலருக்கு இந்த மருந்தே நஞ்சானது. சாப்பிட்ட அளவு மாறவே இல்லை. காப்ஸ்யூலை நிரப்பப் போடும் கால்சியம் சல்ஃபேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்!

இப்போ பம்பாய். பரேலில் இருக்கும் கே.இ.எம். மருத்துவமனையில், ஃபெனிடாயின் சாப்பிட்டுவந்த ரெண்டு பேருக்கு அடங்கியிருந்த வலிப்பு திரும்பியது. ரத்தத்தில் மருந்தின் அளவும் இறங்கியிருந்தது. விசாரித்தால், ரெண்டு பேருமே கூடவே சங்கபுஷ்பி சிரப் குடித்துவந்திருக்கிறார்கள். ஆயுர்வேதத்தில் அபஸ்மாரத்துக்கே சொல்லப்படும் மூலிகை அது. அதாவது வேண்டாததைக் குடிக்கவில்லை; வலிப்பு குறையும்னு நம்பித்தான் குடித்தார்கள்.

அங்கே இருந்த மருந்தியல் துறையினர் இதைத் தற்செயல் என்று விட்டுவிடாமல் எலிகளில் சோதித்து 1992-ல் வெளியிட்டார்கள். ரெண்டையும் பல வேளை சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் ஃபெனிடாயின் சரிந்தது. ஒரே வேளை கொடுத்தபோது அளவு குறையவில்லை, ஆனாலும் வலிப்பை அடக்கும் சக்தி குறைந்தது. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் உறுத்துகிறது. இப்படியும் நடக்குமென்றால், ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கு என்று சொல்லி ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது இல்லையா?

எதிர்த்திசையிலும் நடக்கும். மிளகு, திப்பிலியில் இருக்கும் பைபெரின் ஃபெனிடாயின் அளவை ஏற்றுகிறது. 2006-ல் வந்த சண்டிகர் ஆய்வில் வலிப்பு நோயாளிகளுக்கு 20 மில்லிகிராம் பைபெரின் கொடுத்தே இதைப் பார்த்தார்கள்.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கல், பெயர். வடக்கே சங்கபுஷ்பி என்றால் கான்வால்வுலஸ். கேரளத்திலும் இங்கேயும் பலர் நீலச் சங்குப்பூவைக் காட்டுவார்கள். சிலர் விஷ்ணுகிராந்தி என்பார்கள். பம்பாய் சிரப்பிலோ வல்லாரை, சடாமாஞ்சில் உட்பட ஆறு செடிகள். எலிக்குக் கொடுத்தது ஆறும் கலந்த அந்தச் சிரப்பைத்தான்.