சாயம் இறங்கிய சட்டையும் திரும்பி வந்த பழியும்

1958-ஆம் ஆண்டு வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் பம்பாய்க்கு வந்தார். அவருக்குத் துணி விற்றவர் கண்ணூரைச் சேர்ந்த கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர், பின்னாளில் லீலா விடுதிகளை நிறுவியவர். தாவரச் சாயமும் நல்லெண்ணெய் வாடையும் மணக்கும், கட்டம்போட்ட மெட்ராஸ் கைத்தறித் துணி அது. விலை கெஜத்துக்கு ஒரு டாலர். குளிர்ந்த நீரில் மென்மையாக அலச வேண்டும், இல்லையேல் சாயம் இறங்கும் என்று நாயர் எச்சரித்துத்தான் விற்றார் என்பது இன்றுவரை சொல்லப்பட்டு வரும் செய்தி.

ஜேக்கப்சன் அதில் 10,000 கெஜத்தைப் புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆடை நிறுவனத்துக்கு விற்றார். துணி போய்ச் சேர்ந்தது. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தைத்த ஆடைகளில் சலவைக் குறிப்பு எதுவும் இல்லை. வாங்கியவர்கள் மற்ற உடுப்புகளைப் போலவே இவற்றையும் துவைத்தார்கள். ஒரு வண்ணம் இன்னொன்றில் கலந்து ஆடைகள் வெளிறின. கொதித்துப்போன வாடிக்கையாளர்கள் கடையிடம் முறையிட்டனர். பழி படிப்படியாகக் கீழிறங்கி, எந்தத் தவறும் செய்யாத விற்பனையாளரிடம் வந்து நின்றது.

ஆனால், அதே மரபைச் சேர்ந்த துணிக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் வேறொரு மதிப்பு இருந்தது. நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் மெட்ராஸ் கைக்குட்டைத் துணியை ‘இஞ்சிரி’ என்று அழைத்தனர். அவர்கள் வாழ்வின் முக்கியச் சடங்குகளில் அதற்கு இடமுண்டு. அதிலிருந்து குறிப்பிட்ட நூல்களை மட்டும் வெட்டி உருவி, புதிய கோலங்களை உருவாக்கும் கலையையும் அவர்கள் வளர்த்தனர். துணியின் இயல்பைத் தலைமுறைகளாக அறிந்தவர்களுக்கு அதன் வாடையும் குறையாகத் தோன்றவில்லை. அசலுக்கு அதுவே அடையாளம். எந்தச் செய்தியுமின்றி அத்துணியைப் பெற்றவர்களுக்கோ அதன் இயல்பே குற்றமாயிற்று.

புகார்களை எதிர்கொண்ட விதம்தான் இக்கதையை வரலாற்றில் நிறுத்தியது. விளம்பரத் துறையின் பெரும்புள்ளியான டேவிட் ஓகில்வி, “சாயம் இறங்குவதற்கு உத்தரவாதம்” என்னும் பொருள்பட ஒரு முழக்கத்தை அமைத்தார் என்பர். ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறும் துணி என்று சொல்லியே அது விற்கப்பட்டது. ‘பிளீடிங் மெட்ராஸ்’ 1960-களின் அமெரிக்க இளைஞர்களிடையே மோகமாகப் பரவியது. துணியில் ஓர் இழைகூட மாறவில்லை. வாங்குமுன் சொல்லப்பட்ட சொல் மட்டுமே மாறியது.

ஆடைகளில் சலவைக் குறிப்பு நிலையாகத் தைக்கப்பட வேண்டும் என்னும் விதி அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது 1972-இல்தான். அதன்பின் சரக்கின் இயல்பைப் பற்றிய செய்தி இடைத்தரகரின் நினைவாற்றலை நம்பியிருக்க வேண்டிய தேவை குறைந்தது. சரக்கோடு சேர்ந்தே பயணம் செய்தது.

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதியிலிருந்து ஒரு சிறு வணிகர் இன்று கைத்தறிப் புடவைகளை இணையச் சந்தையில் விற்கிறார் என்று கொள்வோம். அவர் நிற்கும் இடம் நாயர் நின்ற அதே இடம். இடையில் ஒரு நிறுவனம். மறுமுனையில் முகம் தெரியாத வாங்குநர். “சாயம் போகிறது”, “நெசவு சீராக இல்லை” என்று புடவை திரும்பி வந்தால், கைப்பணம் கரைவது அவருக்கே.

இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மைகளுக்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்கின்றன. வாங்குநரைக் காக்கும் இவ்விதியிலேயே விற்பனையாளருக்கும் ஒரு கேடயம் இருக்கிறது. முதல் சலவையில் சாயம் இறங்கும், நூலில் ஏற்றத்தாழ்வு இருக்கும், படத்துக்கும் நேருக்கும் நிறம் சற்றே வேறுபடலாம் என்று பொருளின் பக்கத்திலேயே எழுதி, புடவையோடு ஒரு துண்டுச்சீட்டும் வைத்துவிட்டால், அந்தத் தன்மைகளைக் காட்டி ‘சொன்னதற்கு மாறானது’ என்று வாதிட இடமில்லை.

உடுத்திப் பார்த்துவிட்டுத் திருப்புவோருக்கும், புதிய புடவைக்குப் பதில் பழையதை மடித்து அனுப்புவோருக்கும் இந்தச் சொல் போதாது. அங்கே சான்றுதான் பேச வேண்டும்: கட்டும்போதும் திரும்பி வந்ததைப் பிரிக்கும்போதும் எடுத்த காணொளி, புடவையில் பொருத்திய அடையாளச் சீட்டு, சந்தை விதித்த கெடுவுக்குள் பதிவு செய்த முறையீடு.

நாயர் தம் எச்சரிக்கையை வாய்மொழியாக, ஒரே ஒருவரிடம் சொன்னார். அந்த ஒருவர் அதை வழியிலேயே விட்டுவிட்டார். ஓகில்வி போன்றவர் வந்து மீட்கும் பேறு எல்லா வணிகருக்கும் வாய்ப்பதில்லை. கடைசியாக அப்பொருளைக் கையில் வாங்குபவர் வரைக்கும் அந்தச் சொல் எழுத்தாகப் போய்ச் சேர வேண்டும்.