பெரியவர் என்னும் சொல்

ஒரே வேளையில் பல பொருள்களைத் தாங்கி நிற்கும் சொற்கள் தமிழில் பல உள. 'பெரியவர்' என்பது அவற்றுள் ஒன்று. ஆண்டில் முதிர்ந்தவரும் பெரியவர்; பதவியில் உயர்ந்தவரும் பெரியவர்; பண்பில் சிறந்தவரும் பெரியவர். இம்மூன்றும் ஒரு சொல்லில் கூடியது எவ்வாறு என்பதும், அவற்றுள் நிலைபெறுவது எது என்பதும் ஆராயத்தக்கன.

இச்சொல்லின் வேர் 'பெரு' என்பது. பெருமை, பெருக்கம், பேரூர், பேரரசு ஆகியன அவ்வேரினின்று கிளைத்தவை. அளவின் மிகுதியே அதன் அடிப்படைப் பொருள். அளவு மிகுதல் வளர்ச்சி. வளர்ச்சிக்குக் காலம் வேண்டும். எனவே அளவைச் சுட்டிய சொல் வயதையும் சுட்டலாயிற்று. பெரியப்பா, பெரியம்மா என்னும் முறைப்பெயர்களில் உடலின் பருமைக்கு இடமில்லை. பிறப்பின் முன்மையே பேசப்படுகிறது. கன்னடத்தில் மூத்தவரைக் குறிக்கும் 'ஹிரிய' என்பதும் இவ்வினத்துச் சொல்லே. பழங்கன்னடத்தில் 'பிரிய' என வழங்கிய அது, பகரம் ஹகரமாகத் திரிந்து இன்றைய வடிவு பெற்றது.

முதுமையும் தலைமையும் ஒரு சொல்லில் இணைவது பிற மொழிகளிலும் காணப்படும். மலாய் மொழியில் 'துவா' என்றால் முதுமை. 'கெத்துவா' என்றால் தலைவர். மலாக்கா ஆளுநரின் பதவிப்பெயரான 'யாங் டி பெர்துவா நெகிரி' என்பதிலும் அதே 'துவா' அமர்ந்திருக்கிறது. பாட்டனைக் குறிக்கும் 'டத்தோ' என்னும் முறைப்பெயரே அரசு வழங்கும் பட்டமாகவும் விளங்குகிறது. உரோமரின் 'செனட்' என்னும் அவைப்பெயரும் முதியவரைக் குறித்த இலத்தீன் சொல்லினின்று பிறந்ததே.

மலாக்காவில் இரப்பர்ப் பயிருக்கு 1896இல் புக்கிட் லிந்தாங்கில் வித்திட்டவர் டான் சாய் யான். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்தினின்று தொழிலாளர் வந்து குடியேறினர். மஸ்ஜித் தானா வட்டாரம் போன்ற பகுதிகளின் தோட்ட வழக்கில் இச்சொல்லுக்கு இரட்டை வாழ்க்கை அமைந்தது. மேலாளர் பெரிய துரை. அவருக்கு அடுத்தவர் சின்ன துரை. அவ்வாறே பெரிய கிராணி, சின்ன கிராணி. பெரிய கங்காணி, சின்ன கங்காணி. இங்கே பெரிது சிறிது என்பன வயதால் வந்தவை அல்ல. அறுபது வயதுப் பால்மரத் தொழிலாளி, முப்பது வயது இளைஞரைப் 'பெரிய துரை' என்று கைகட்டி அழைத்தார். கங்காணியின் பெருமையோ அவர் திரட்டி வந்த ஆள்களின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என அவருக்குத் தலைக்காசும் கிடைத்தது.

ஆயினும் வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பியதும் அச்சொல் தன் பழம்பொருளை அடைந்தது. திருமணம் பேசவும், பிணக்குத் தீர்க்கவும், கோயில் திருவிழாவுக்கு நாள் குறிக்கவும் மக்கள் தேடிச் சென்றது அந்த முதிய தொழிலாளியைத்தான். களத்தில் கைகட்டி நின்றவரே அங்குப் 'பெரியவர்'. முன்னது ஆணையால் வந்த பெருமை. பின்னது ஊரார் மனமொப்பி அளித்தது.

இவ்வேறுபாட்டைத் தமிழ்ச் சான்றோர் முன்பே உணர்ந்திருந்தனர். வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என ஓர் அதிகாரம் வகுத்து, வயதோடு அறிவையும் சேர்த்தே மூப்பை அளந்தார். ஒரு குடியில் பிறந்தோருள்ளும் மூத்தவனை விட்டு அறிவுடையவன் வழியிலேயே அரசு செல்லும் என்பது புறநானூற்று 183ஆம் பாடலின் கருத்து. முதியவராகிய திருநாவுக்கரசர், இளையவராகிய ஞானசம்பந்தரின் சிவிகையைத் தாங்கியதைப் பெரிய புராணம் கூறும். ஈ. வெ. இராமசாமிக்குப் 'பெரியார்' என்னும் பட்டத்தை 1938இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு வழங்கியது. அதுவும் பதவியால் வந்த பெயரன்று. பெண்ணுரிமைக்கு ஆற்றிய பணியால் வந்தது.

அதே 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு, மலாயாவுக்குத் தொழிலாளரைத் திரட்டி அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணியின் ஆள்திரட்டும் தொழில் முடிந்தது. பெரிய துரைமாரின் காலமும் பின்னர்க் கழிந்தது. பதவி ஈந்த பெருமை பதவியோடு போயிற்று. லயத்து முதியவருக்கு ஊரார் இட்ட பெயரோ, தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் குடியேறிய பிள்ளைகளின் நாவிலும் 'எங்கள் பெரியவர்' என்றே நின்றது. அகராதி மூன்று பொருளையும் நிரலாக அடுக்கிவிடும். அவற்றின் தரத்தை வரிசைப்படுத்தியது மக்கள் வாழ்வே.