பொருளாதாரப் பின்னடைவும் பிராந்திய விமான நிலையங்களும்: டீஸைட் தரும் பாடம்

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டீஸைட் விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குப் பல பத்தாண்டுகளாக நடந்துவந்த விமான சேவை, 2009ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நிறுத்தப்பட்டது. சேவையை நடத்திவந்த பிஎம்ஐ நிறுவனம், பொருளாதார நெருக்கடியைக் கருத்தில் கொண்டு தனது வழித்தடங்களை மாற்றியமைத்ததன் ஒரு பகுதியாக இந்த முடிவு அமைந்தது.

2008இல் சுமார் ஆறரை லட்சமாக இருந்த டீஸைட்டின் பயணிகள் எண்ணிக்கை, 2009இல் மூன்று லட்சத்துக்கும் கீழே சென்றது. அதே ஓராண்டில் பிரிட்டனின் எல்லா விமான நிலையங்களிலும் சேர்த்துப் பயணிகள் எண்ணிக்கை சுமார் 23 கோடியே 50 லட்சத்திலிருந்து 21 கோடியே 80 லட்சமாகக் குறைந்தது. அதாவது நாடு முழுவதற்குமான வீழ்ச்சி ஏறக்குறைய 7 சதவீதம். டீஸைட்டிலோ பாதிக்கும் மேல்.

பின்னடைவு எல்லோருக்கும் பொதுவானதாக இருக்க, அதன் சுமை ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வுடன் விழுந்தது என்ற கேள்வி இங்கு எழுகிறது. ஒரு சிறிய விமான நிலையத்தின் செலவுகள் அதனிடமே இருக்கின்றன; வருமானத்தைத் தீர்மானிக்கும் முடிவுகளோ வேறு ஊர்களில் எடுக்கப்படுகின்றன என்பதே இதற்கான விடை.

போர்க்கால ஓடுபாதை

டீஸைட் விமான நிலையம் முதலில் பிரிட்டிஷ் விமானப்படையின் தளமாக 1941இல் திறக்கப்பட்டது. 1964இல் விமானப்படை வெளியேறியதும் உள்ளூராட்சி மன்றங்கள் அதனைப் பொறுப்பேற்று, பொதுமக்கள் பயன்பாட்டுக்கான விமான நிலையமாக்கின. பெரிய ஜெட் விமானங்கள் இறங்கக்கூடிய, இரண்டேகால் கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஓடுபாதை அந்தப் படைத்தளம் விட்டுச்சென்ற சொத்து.

சுற்றுவட்டாரத்தின் உருக்காலைகளும், வில்டன் இரசாயனத் தொழிற்சாலை வளாகமும், வடகடல் எண்ணெய்த் தொழிலுக்குப் பொருட்களும் பொறியாளர்களும் வழங்கும் நிறுவனங்களும் இந்த விமான நிலையத்துக்கு வர்த்தகப் பயணிகளை அளித்தன. 2003இல் பீல் குழுமம் 75 சதவீதப் பங்குகளை வாங்கியது. மீதி உள்ளூராட்சி மன்றங்களிடம் இருந்தது. மறு ஆண்டு நிலையத்தின் பெயர் டர்ஹம் டீஸ் வேலி என்று மாற்றப்பட்டது. மலிவுக் கட்டண விமான சேவைகளின் வளர்ச்சியால் 2006இல் பயணிகள் எண்ணிக்கை சுமார் 9 லட்சத்தை எட்டியது.

ஆனால் அதே 2006ஆம் ஆண்டிலேயே பிஎம்ஐபேபி என்ற மலிவுக் கட்டண நிறுவனம் அங்கிருந்த தனது தளத்தை மூடிவிட்டது. ஆகவே சரிவின் தொடக்கம் பின்னடைவுக்கும் முந்தியது. 2008இன் நெருக்கடி அதனை வேகப்படுத்தியது.

ஹீத்ரோவின் விலை

டீஸைட்-ஹீத்ரோ சேவை நிறுத்தப்பட்டதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள ஹீத்ரோவின் நிலைமையைப் பார்க்கவேண்டும். இரண்டே ஓடுபாதைகளைக் கொண்ட ஹீத்ரோ ஏறக்குறைய முழுக் கொள்ளளவில் இயங்குவது. அங்கு ஒரு விமானம் இறங்கவும் புறப்படவும் குறிப்பிட்ட நேர ஒதுக்கீடு வேண்டும். ஸ்லாட் எனப்படும் இந்த ஒதுக்கீட்டை வைத்திருக்கும் நிறுவனம், ஒரு பருவகாலத்தில் அதில் குறைந்தது 80 சதவீதத்தைப் பயன்படுத்தினால் அடுத்த ஆண்டும் அதனைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்பது ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த விதி.

ஒதுக்கீடு நிறுவனத்துக்கு உரியதே தவிர ஊருக்கு உரியதல்ல. டீஸைட்டிலிருந்து வரும் விமானம் பயன்படுத்திய அதே நேரத்தை, வேறெந்த நகருக்குச் செல்லும் விமானத்துக்கும் நிறுவனம் மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். 2008 மார்ச் 30ஆம் தேதி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான திறந்த வான்வெளி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, ஹீத்ரோவில் இடம்பிடிக்க அமெரிக்க நிறுவனங்கள் போட்டியிட்டன. கான்டினென்டல் ஏர்லைன்ஸ் நான்கு சோடி ஸ்லாட்டுகளுக்கு 20 கோடியே 90 லட்சம் டாலர்கள் கொடுத்தது.

ஒரு சோடியின் விலை 5 கோடி டாலருக்கும் அதிகம் என்னும்போது, சிறிய விமானமொன்றில் வடகிழக்கிலிருந்து பயணிகளை ஏற்றிவருவதற்கு அதனைச் செலவிடுவது எந்த நிறுவனத்துக்கும் கட்டுபடியாவது கடினம். பிஎம்ஐ அப்போது ஹீத்ரோவில் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு அடுத்தபடியாக அதிக ஸ்லாட்டுகளைக் கொண்டிருந்தது. அதேவேளை நட்டத்திலும் இயங்கியது. 2009இல் ஜெர்மனியின் லுஃப்தான்ஸா அதன் கட்டுப்பாட்டைப் பெற்றது. 2012இல் பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனமான ஐஏஜி அதனை வாங்கியது.

2009 ஜனவரியில்தான் அப்போதைய தொழிற்கட்சி அரசாங்கம் ஹீத்ரோவில் மூன்றாவது ஓடுபாதை அமைக்கும் திட்டத்துக்கு ஆதரவளித்தது. பிராந்திய நகரங்களுக்குக் கூடுதல் இணைப்புகள் கிடைக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இரண்டு மாதங்களில் டீஸைட் இருந்த இணைப்பையும் இழந்தது. 2010 மே மாதம் பதவியேற்ற கூட்டணி அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது.

குறையாத செலவு

விமானங்கள் குறைந்தால் விமான நிலையத்தின் செலவும் அதே அளவில் குறையும் என்று எண்ணுவதற்கில்லை. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, தீயணைப்புப் படை, பயணிகளையும் பைகளையும் சோதிக்கும் ஏற்பாடு, ஓடுபாதைப் பராமரிப்பு ஆகியவை நாளொன்றுக்கு ஐந்து விமானங்கள் வந்தாலும் ஐம்பது வந்தாலும் தேவை. தீயணைப்பு ஏற்பாடு எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதை வரும் விமானத்தின் நீள அகலமே தீர்மானிக்கிறது. அதில் இருக்கும் பயணிகளின் எண்ணிக்கை அல்ல.

வருமானமோ தலைக்கணக்கில் வருவது. விமானம் இறங்குவதற்கான கட்டணம், பயணி ஒருவருக்கு இவ்வளவு என்று விமான நிறுவனம் செலுத்தும் கட்டணம், கார் தரிப்பிடம், கடைகள் என எல்லாமே பயணிகளின் வரவைச் சார்ந்தவை. மலிவுக் கட்டண நிறுவனங்கள் தம்மைக் கவரக் கட்டணக் குறைப்பைக் கேட்பது வழக்கம் என்பதால், கூட்டம் இருந்தாலும் இலாபம் மெலிதாகவே இருக்கும். ஒரே நிறுவனத்தின் ஒரே வழித்தடம் நின்றாலும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

டீஸைட்டின் சூழலும் அப்போது உதவவில்லை. இந்தியாவின் டாட்டா குழுமத்துக்குச் சொந்தமாகியிருந்த கோரஸ் நிறுவனம், ரெட்கார் உருக்காலையின் ஊதுலையை 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தது. சுமார் 1,600 வேலைகள் பாதிக்கப்பட்டன. வேலையின் பொருட்டுப் பறந்தவர்களும் விடுமுறைக்குப் பறந்தவர்களும் ஒரே நேரத்தில் குறைந்தனர்.

பயணிகளிடம் ஆறு பவுண்டு

வருமானம் வற்றிய நிலையில், அங்கிருந்து புறப்படும் பயணிகள் ஒவ்வொருவரும் 6 பவுண்டு வசதிக் கட்டணம் செலுத்தவேண்டும் என்ற நடைமுறையை நிர்வாகம் 2010இல் கொண்டுவந்தது. அயர்லாந்தின் நாக், இங்கிலாந்தின் நியூகீ, நோரிச் போன்ற சிறிய விமான நிலையங்களும் இத்தகைய கட்டணத்தை வசூலித்துள்ளன.

இதற்கு மேல் அரசாங்க வரியும் இருந்தது. விமானப் பயணிகள் வரி குறுகிய தூரப் பயணத்துக்கு 2007 பிப்ரவரியில் 5 பவுண்டிலிருந்து 10 பவுண்டாக இரட்டிப்பாக்கப்பட்டது. பின்னர் 2009இல் 11ஆகவும், 2010இல் 12ஆகவும் உயர்ந்தது. பிரிட்டனிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பயணத்துக்கும் இந்த வரி உண்டு என்பதால், உள்நாட்டில் சென்று திரும்புபவர் அதனை இருமுறை செலுத்தினார்.

காரில் ஒரு மணி நேரத்தில் நியூகாசில் விமான நிலையத்துக்குச் சென்றுவிடலாம் என்னும்போது, கூடுதல் கட்டணம் பயணிகளை அங்கு தள்ளவே உதவும் என்று கருத இடமுண்டு. நியூகாசிலுக்கு எமிரேட்ஸ் நிறுவனம் 2007 செப்டம்பரில் துபாயிலிருந்து நேரடி சேவையைத் தொடங்கியிருந்தது. சென்னைக்கும் கொழும்புக்கும் செல்லும் வடகிழக்கு இங்கிலாந்துத் தமிழர்களுக்கு, லண்டனைத் தொடாத புதிய வழி அது.

நின்றவையும் நிலைத்தவையும்

டீஸைட்டில் எஞ்சிய சேவைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, எண்ணெய்த் தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் அபர்டீன் சேவை. மற்றொன்று, கேஎல்எம் நிறுவனத்தின் ஆம்ஸ்டர்டாம் சேவை.

ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல், கேஎல்எம்மின் சொந்தத் தளம். டீஸைட்டிலிருந்து வரும் ஐம்பது பேரில் பலர் அங்கிருந்து ஆசியாவுக்கோ அமெரிக்காவுக்கோ அதே நிறுவனத்தின் பெரிய விமானத்தில் தொடர்வார்கள். ஆகவே சிறிய வழித்தடத்தின் மதிப்பு அதன் சொந்த வருமானத்தைவிட அதிகம். தமது நாட்டுத் தலைநகர் கைவிட்ட ஊருக்கு உலகின் வாசலாக டச்சு விமான நிலையம் அமைந்ததன் காரணம் இதுவே.

இத்தகைய இணைப்பு கூட இல்லாத இடங்களின் கதி வேறாக இருந்தது. தென்மேற்கு இங்கிலாந்தின் பிளிமத்தில், லண்டன் கேட்விக் சேவை 2011 பிப்ரவரியில் நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் விமான நிலையமே மூடப்பட்டது. அண்டைப் பகுதியான கார்ன்வாலின் நியூகீயிலிருந்து கேட்விக் செல்லும் சேவைக்கு 2014 முதல் அரசாங்கம் மானியம் வழங்கியது. பொதுச் சேவைக் கடப்பாடு எனப்படும் இந்த ஏற்பாடு, ஓர் ஊரின் இணைப்பைச் சந்தையிடம் மட்டும் விடமுடியாது என்பதை ஒப்புக்கொள்வதாகும்.

வீடுகளா, விமானங்களா?

டீஸைட்டில் சரிவு தொடர்ந்தது. விடுமுறைக்கால வாடகை விமானங்களையும் 2014 முதல் விட்டுவிட நிர்வாகம் முடிவுசெய்தது. வளாகத்தில் வீடுகள் கட்டி, அந்த வருமானத்தால் விமான நிலையத்தைக் காப்பாற்றலாம் என்ற திட்டத்தைப் பீல் குழுமம் முன்வைத்தது. நிலத்தின் விலைக்காக விமான நிலையமே பலியிடப்படும் என்று அஞ்சியவர்கள் அதனை எதிர்த்தனர். 2018இல் பயணிகள் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கும் கீழே இருந்தது.

விமான நிலையத்தைப் பொது உடைமையாக்குவதாக வாக்குறுதி அளித்து 2017இல் டீஸ் வேலியின் மேயராகத் தெரிவான பென் ஹூச்சன், தனியார்மயத்தை நீண்டகாலமாக ஆதரித்துவரும் கன்சர்வேடிவ் கட்சியைச் சேர்ந்தவர். 2019 ஜனவரியில் பிராந்திய ஆட்சிமன்றம் 4 கோடி பவுண்டு செலவில் அதனை வாங்கியது. டீஸைட் என்ற பழைய பெயரும் திரும்பியது. ரயன்ஏர் 2021இல் மீண்டும் வந்தது. அவ்வாண்டு ஹீத்ரோ சேவையும் மீண்டும் தொடங்கியது, ஆனால் நீடிக்கவில்லை. விமான நிலையம் அதன் பின்னரும் பல ஆண்டுகள் நட்டத்திலேயே இயங்கியது.

நல்ல காலத்தில் சிறிய விமான நிலையத்தின் இலாபம் தனியாருக்கும், கெட்ட காலத்தில் அதன் நட்டம் வரி செலுத்துவோருக்கும் என்று ஆவதை விமர்சகர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். விமான இணைப்பு இல்லாத பகுதிக்கு முதலீடு வராது, ஆகவே அது சாலையையும் ரயிலையும் போன்ற பொதுத் தேவை என்பது ஆதரவாளர்களின் வாதம். ஆனால் யார் உரிமையாளரானாலும், கட்டடத்தையும் ஓடுபாதையையும் மட்டுமே வாங்க முடியும். அங்கு விமானத்தை அனுப்புவதா இல்லையா என்பதை விமான நிறுவனம்தான் தீர்மானிக்கும். 2009இல் வெளிப்பட்ட அந்த உண்மை, உரிமை கைமாறியதால் மாறிவிடவில்லை.