கொள்கலன் கொத்தணி அமைப்புத் தணிக்கை

கொள்கலன் கொத்தணி அமைப்புத் தணிக்கை என்பது, குபர்னெட்டீஸ் போன்ற மென்பொருளால் ஒன்றாக இயக்கப்படும் கணினிகளின் அமைப்புகள் பாதுகாப்பானவையா என்பதைத் தானியங்கிக் கருவி கொண்டு சரிபார்க்கும் முறையாகும். 2017இல் வெளிவந்த கியூப்-பெஞ்ச் இவ்வகைக் கருவிகளுள் பரவலாக அறியப்பட்ட ஒன்று.

முன்னோடிகள்

கணினியின் அமைப்பைக் கருவியால் சோதிக்கும் எண்ணம் கொள்கலன்களுக்கு முற்பட்டது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் டான் ஃபார்மர், யூஜின் ஸ்பாஃபோர்டுடன் இணைந்து உருவாக்கிய 'காப்ஸ்' பற்றிய ஆய்வுரை 1990இல் வெளியானது. யூனிக்ஸ் கணினிகளில் எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்கள், எவரும் திருத்தக்கூடிய கோப்புகள் முதலியவற்றைக் காப்ஸ் பட்டியலிட்டது. குறையைச் சுட்டிக்காட்டுவதே அதன் வேலை. திருத்துவது நிர்வாகியின் பொறுப்பு.

1995இல் ஃபார்மரும் வீட்சே வெனிமாவும், வலையமைப்பின் வழியாகச் சோதிக்கும் 'சேட்டன்' என்ற கருவியை இலவசமாக வெளியிட்டனர். காவலருக்குத் தரப்படும் பட்டியல் கள்வருக்கும் பயன்படுமே என்ற எதிர்ப்பு அப்போது எழுந்தது. 2000இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட இணையப் பாதுகாப்பு மையம் (சி.ஐ.எஸ்.), எந்த அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை வல்லுநர்களின் உடன்பாட்டுடன் அளவுகோல்களாக எழுதத் தொடங்கியது.

குபர்னெட்டீஸின் வருகை

2013இல் வெளிவந்த டாக்கர், கொள்கலன்களைப் பரவலாக்கியது. பல கணினிகளில் அவற்றை நிர்வகிக்கும் குபர்னெட்டீசைக் கூகுள் 2014 சூனில் அறிவித்தது, அதன் 1.0 பதிப்பு 2015 சூலையில் வந்தது. பெயருக்குக் கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்பது பொருள். கட்டளைகளை ஏற்கும் ஏ.பி.ஐ. வழங்கி, கொத்தணியின் தரவைச் சேமிக்கும் எட்சிடி, ஒவ்வொரு கணினியிலும் இயங்கும் கியூப்லெட் ஆகியவை இதன் முக்கிய உறுப்புகள். தொடக்கப் பதிப்புகளில் பல அமைப்புகள் இயல்பாகவே தளர்வாக இருந்தன. எடுத்துக்காட்டாக, நிர்வாகி மாற்றாதவரை கியூப்லெட் அடையாளம் காட்டாத கோரிக்கைகளையும் ஏற்றது.

கியூப்-பெஞ்ச்

குபர்னெட்டீசுக்கான சி.ஐ.எஸ். அளவுகோல் 2017இல் வெளியானது. அதன் நூற்றுக்கும் மேற்பட்ட விதிகளை ஒவ்வொரு கணினியிலும் கையால் சரிபார்ப்பது கடினம். அதே ஆண்டில் அக்வா செக்யூரிட்டி நிறுவனம் கியூப்-பெஞ்சைத் திறமூல மென்பொருளாக வெளியிட்டது. இது கோ மொழியில் எழுதப்பட்டது. விதிகள் தனியே யாமல் கோப்புகளில் உள்ளன. ஆகவே அளவுகோல் மாறும்போது விதிக்கோப்பைப் புதுப்பித்தால் பெரும்பாலும் போதும்.

இயங்கும் நிரல்கள் எந்த அளவுருக்களுடன் தொடங்கப்பட்டன, அமைப்புக் கோப்புகளின் உரிமையாளர் யார், அவற்றை யார் படிக்கலாம் என்பனவற்றைக் கருவி பார்க்கிறது. ஒவ்வொரு விதிக்கும் தேர்ச்சி, தோல்வி, எச்சரிக்கை, தகவல் என்ற நான்கில் ஒன்றைத் தந்து, தோல்விக்குரிய திருத்த முறையையும் கூறுகிறது.

டெஸ்லா நிகழ்வு

இத்தகைய சோதனையின் தேவையை 2018 பிப்ரவரியில் வெளியான செய்தி உணர்த்தியது. டெஸ்லா நிறுவனத்தின் குபர்னெட்டீஸ் நிர்வாகப் பக்கம் கடவுச்சொல் இன்றித் திறந்திருந்ததை ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது. உள்ளே நுழைந்தவர்கள் அங்கே நுண்காசு அகழும் நிரலை இயக்கியிருந்தனர். அமேசான் மேகக் கணக்கின் அணுகல் விவரங்களும் அங்கேயே வெளிப்பட்டுக் கிடந்தன. பூட்டை உடைத்து யாரும் நுழையவில்லை, கதவே பூட்டப்படவில்லை.

பின்னைய வளர்ச்சி

2021 ஆகத்தில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையும் சிசா முகமையும் இணைந்து குபர்னெட்டீசைப் பாதுகாப்பதற்கான வழிகாட்டியை வெளியிட்டன. அதன்படி சோதிக்கும் 'கியூப்ஸ்கேப்' என்ற திறமூலக் கருவியை ஆர்மோ நிறுவனம் அதே மாதத்தில் கொண்டுவந்தது.

வரம்புகள்

மேக நிறுவனங்களே நடத்தும் கொத்தணிகளில் கட்டுப்பாட்டுக் கணினிகள் வாடிக்கையாளருக்கு எட்டாதவை. அவற்றைக் கியூப்-பெஞ்சால் சோதிக்க இயலாது. கருவி விதியில் எழுதியதையே பார்க்கும். ஓர் ஊழியருக்குத் தரப்பட்ட அதிகாரம் அவர் பணிக்குத் தேவையா என்பதை மனிதரே முடிவு செய்ய வேண்டும். மேலும் அறிக்கை, சோதித்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். அமைப்புகள் அடிக்கடி மாறுவதால், சோதனையைத் தொடர்ந்து நடத்தினால்தான் அது பயன் தரும்.