மாயாவிக்கு வால் உண்டா?

வட்டவடை என்றதும் கீழேயிருந்து வருகிறவர்களுக்கு எண்ணெய்ச் சட்டிதான் ஞாபகம் வரும். ஊருக்குப் பேர் வாங்கித் தந்ததோ பூண்டு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும் சோலைக்குள் புகுந்து வெளியேறினால் படிப்படியாய்ச் சரியும் வயல்களில் பூண்டும் கேரட்டும் பீன்ஸும். இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. அரசாங்கக் காகிதம் மலையாளத்தில் வரும். வீட்டுச் சண்டை தமிழில் நடக்கும்.

அங்கே கோவிலூர் கடைத்தெருவில், ஒரு டீக்கடை பெஞ்சில் பையன் ஒருவன் மலையாளச் சிறுவர் இதழ் ‘பாலரமா’வை மடியில் விரித்து வைத்திருந்தான்.

“என்ன தம்பி, மாயாவியா?”

“ஆமா மாமா.”

“இரும்புக்கை எங்கடா காணோம்?”

என்னை ஏற இறங்கப் பார்த்தான். “அவனுக்குக் கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வால்தான் கூட.”

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் சிரித்துவிட்டார். அவருக்கு என் வயதிருக்கும். “அது நம்ம மாயாவிங்க, சிவகாசி. இது கோட்டயத்து மாயாவி. ரெண்டும் ஒறவு கெடையாது.”

பெயர் ஒன்று, ஆள் இரண்டு. உறவு இல்லை என்று அவர் சொன்னதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சிவகாசி மாயாவிக்குப் பிறப்பிடம் லண்டன். 1962-இல் தொடங்கிய ‘வேலியண்ட்’ என்ற வார இதழில் ‘ஸ்டீல் க்ளா’ என்று வந்த தொடர் அது. எழுதத் தொடங்கியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசுஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேலுக்கு வலக்கை போய் இரும்புக்கை வந்துவிடுகிறது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், அந்தக் கை மட்டும் மறையாது. பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆளில்லாத அறையில் ஒரு கை தனியாக அந்தரத்தில் நின்று கதவைத் திறக்கும். பார்க்க முடியாத ஒருவனை வரையச் சொன்னால் எந்த ஓவியனும் முழிப்பான். அந்தச் சிக்கலுக்கு அவர் கண்ட வழி அந்த ஒற்றைக் கை.

ஆங்கிலப் பெயரில் மறைவதைப் பற்றிப் பேச்சே இல்லை. இரும்பு உண்டு, நகம் உண்டு, அவ்வளவுதான். 1972 ஜனவரியில் சிவகாசியில் மு. சௌந்திரபாண்டியன் ‘முத்து காமிக்ஸ்’ தொடங்கியபோது முல்லை தங்கராசன் ஆசிரியர். முதல் இதழே இந்தக் கதைதான். அப்போது நகத்தைக் கழற்றிவிட்டு மாயாவியை ஒட்டினார்கள். ‘உருக்கு நகம்’ என்று மொழிபெயர்த்திருந்தால் பூனைக் கதை என்று நினைத்திருப்போம். ‘இரும்புக்கை மாயாவி’ என்றார்கள். படத்தில் தெரிவது ஒரு சொல், தெரியாதது இன்னொரு சொல். கதையே அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. (இரும்புக்கரம் என்றால் மந்திரிகள் அடக்குவார்கள்; இரும்புக்கை என்றால்தான் பையன்கள் காசு கொடுப்பார்கள். ‘கரம்’ மேடைக்கு, ‘கை’ தெருவுக்கு.)

மாயாவி என்றால் மறைபவன் என்றுதான் நம் எல்லோருக்கும் நினைப்பு. சொல்லுக்குள் அந்தப் பொருள் இல்லை. மாயா என்பதோடு ‘உடையவன்’ என்ற பொருள் தரும் வடமொழி விகுதி சேர்ந்து பிறந்தது அது. மேதை உடையவன் மேதாவி, தேஜஸ் உடையவன் தேஜஸ்வி, மாயை உடையவன் மாயாவி. மேதாவியும் மாயாவியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது பள்ளிக்கூடத்தில் காமிக்ஸை மறைத்து வைத்துப் படித்தவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல். மாயை என்பதும் முதலில் ஏமாற்று அல்ல. ரிக் வேதத்தில் அது ஒன்றை ஆக்கிக் காட்டும் வியத்தகு ஆற்றல். வருணனுக்கும் உண்டு, அசுரர்களுக்கும் உண்டு. கண்கட்டு, பொய் என்ற பொருளெல்லாம் பிற்பாடு ஏறியது. இராமாயணத்தில் மாயாவி என்று ஒரு அசுரனே வருகிறான். வாலியிடம் சண்டைக்கு வந்து, தாங்காமல் ஓடி, பிலத்துக்குள் நுழைந்துவிடுகிறான். மந்திரம் போட்டு மறைந்ததாக இல்லை. சாதாரணமாகக் குகைக்குள் ஓடி ஒளிந்தான். அண்ணன் தம்பி பகைக்கு வித்திட்டுவிட்டு அதோடு அவன் பாத்திரம் முடிந்தது.

அப்படியென்றால் மறைகிற குணம் எங்கிருந்து ஒட்டியது? தமிழில் ஏற்கெனவே ஒரு ‘மாய்’ இருந்தது. மாய்தல் என்றால் மறைதல், அழிதல், சாதல். அது திராவிட வேர்ச்சொல். வடமொழி மாயை வேறு வழியில் வந்தது. இரண்டு ஆறும் தமிழ்க் காதில் கலந்துவிட்டன என்பது என் எண்ணம். அதனால்தான் நாளிதழில் இன்றும் ‘பள்ளி மாணவி மாயம்’ என்று தலைப்பு வருகிறது. அங்கே மந்திரமும் இல்லை, பொய்யும் இல்லை. ஆளைக் காணோம், அவ்வளவுதான். போதாததற்கு ‘ஆவி’ வேறு. இலக்கணப்படி மாயாவிக்குள் ஆவி கிடையாது. ஆனால் ‘மாய ஆவி’ என்று பிரித்துக் கேட்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? மறைந்தவன், ஆவியாய்ப் போனவன், கை மட்டும் மிச்சம். சொல்லாராய்ச்சியாகப் பார்த்தால் தப்பு. கதைக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது.

இன்னொரு மாயன் நமக்கு ரொம்ப நெருக்கம். தொல்காப்பியத்து மாயோன் முல்லை நிலத் தெய்வம், கரிய நிறத்தவன். ஆண்டாளுக்கும் கண்ணன் மாயன்தான். மதுரை, உசிலம்பட்டி, தேனிப் பக்கம் மாயாண்டி, மாயி, மாயக்காள் என்று வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். 1973-இல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலைக்கு முதல் வெற்றியைத் தந்தவர் பெயர் மாயத்தேவர். வட்டவடைக்காரர்களுக்குக் கீழ்நாட்டுச் சொந்தம் உண்டு. மாயாண்டி என்றால் அவர்களுக்குப் பெரியப்பா. அதனால் மாயாவி என்ற பெயர் லண்டன்காரனுக்கு வைக்கப்பட்டபோதும் அந்நியமாகப் படவில்லை.

பெயர் நன்றாக விலைபோனதும் இன்னொருவரும் எடுத்துக்கொண்டார். லீ ஃபாக் 1936-இல் உருவாக்கிய ஃபேன்டம் இந்தியில் வேதாளம், வங்காளத்தில் அரண்யதேவ். முத்து காமிக்ஸ் அவரை ‘வேதாளர்’ என்று மரியாதையாக அழைத்தது. ‘ராணி காமிக்ஸ்’ அவருக்கே ‘மாயாவி’ என்று பட்டம் கட்டியது. முகமூடி மாட்டிக் குதிரையில் போகிற அவர் ஒருநாளும் மறைந்ததில்லை. எங்கள் தெருவில் இதற்காகவே அடிதடி நடந்திருக்கிறது. ராணி கட்சிக்காரன் மாயாவி என்று வாயெடுத்தால் முத்து கட்சிக்காரன், “எந்த மாயாவி? கைக்காரனா, குதிரைக்காரனா?” என்று கேட்பான்.

ராணி காமிக்ஸ் பிறந்தது 1984-இல். எஸ். விஜயனின் ‘லயன் காமிக்ஸ்’ வந்ததும் அதே ஆண்டு. மலைக்கு அந்தப் பக்கம் ‘பாலரமா’வில் வால் வைத்த மாயாவி முளைத்ததும் 1984-இல்தான். உருவாக்கியவர் என். எம். மோகன், வரைந்தவர் மராத்தியர் பிரதீப் சாத்தே, பின்னாளில் மோகன்தாஸ். இந்த மாயாவி ஒரு குட்டிச்சாத்தான். சின்னக் கொம்பு, கறுப்பு நிக்கர், கையில் மந்திரக்கோல். ராஜுவும் ராதாவும் கூப்பிட்டால் ஓடி வருவான். குட்டூசனும் டாகினியும் அவனைக் குப்பியில் அடைக்கப் பார்ப்பார்கள். சிவப்பு உடம்பும் மீசையுமாய் ஈட்டிமேல் பறக்கும் லுட்டாப்பி அவர்கள் கையாள். (வில்லன்தான், ஆனாலும் அவனைத் தூக்கிவிடப் போகிறார்கள் என்று 2019-இல் பேச்சு வந்தபோது கேரளமே கொதித்தது.) ‘மைடியர் குட்டிச்சாத்தான்’ முப்பரிமாணப் படம் திரைக்கு வந்ததும் 1984-இல். மந்திரவாதியிடம் மாட்டிக்கொண்ட சாத்தானைக் குழந்தைகள் விடுவிக்கிற கதை அதிலும் உண்டு. பயந்து கும்பிட்ட தெய்வம் அந்த ஆண்டு பிள்ளைகளுக்குத் தோழனாகிவிட்டது.

தமிழில் மாயாவி மர்மமான ஆள். முதல் கதையில் கெட்டவன்கூட. மலையாளத்தில் ஏன் இவ்வளவு செல்லம்? மறுபடியும் அந்த ‘மாய்’ தான் காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது. மலையாளத்திலும் அதே வேர் இருக்கிறது, ஆனால் இளகிக் கிடக்கிறது. அங்கே வானவில் மாயும், சட்டைக் கறை மாயும், சிலேட்டு எழுத்து மாயும். ரப்பர் வைத்து அழிப்பது மாய்க்கல். தமிழில் நாம் உயிரை மாய்த்துக்கொள்கிறோம். அவர்கள் பென்சில் கோட்டை மாய்க்கிறார்கள். ஒரே வினைச்சொல், இங்கே தூக்குக் கயிறு, அங்கே அழிரப்பர். பெரியவர்களாகி சினிமாவுக்குப் போகும்போது மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுசேர்ந்துவிடும். 2005-இல் தமிழில் சூர்யா நடித்த மாயாவி திருடன். 2007-இல் மலையாளத்தில் மம்மூட்டி நடித்த மாயாவி இருட்டில் ஆளை அடிக்கிறவன், மலையாளத்தில் அதற்குப் பெயர் இருட்டடி.

டீக்கடையில் இதையெல்லாம் நான் விளக்கவில்லை. விளக்கினால் பையன் எழுந்து போயிருப்பான். கடைக்காரர்தான் தன் பள்ளிக்கூடக் கதை ஒன்றைச் சொன்னார். தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புதிதாக ஒரு மலையாள டீச்சர் வந்திருக்கிறார். வந்த அன்றே கரும்பலகையைக் காட்டி, முதல் பெஞ்சுப் பையனிடம் சொன்னாராம்:

“மோனே, அது மாய்ச்சு கள.”

“அவன் ஒரே ஓட்டம்ங்க. போர்டுக்கிட்ட இல்ல. வாசலுக்கு.”

“பேரு?”

“மாயாண்டி.”

பெஞ்சிலிருந்த பையன் தலை தூக்காமல் பக்கத்தைத் திருப்பினான். லுட்டாப்பி ஈட்டியிலிருந்து விழுந்துகொண்டிருந்தான்.