தோட்டாவும் துலாக்கோலும்

பொருளீட்டும் வேளையில் மனிதன் பிறர்க்கு அஞ்சியேனும் ஒழுங்காய் நடப்பான். எவரும் ஏவாத ஓய்வு வேளையில் அவன் கொள்ளும் கவனமே அவனது உண்மை நிலையைக் காட்டும். இதற்குச் சான்றாக, மேனாட்டார் விளையாட்டாய்க் கைக்கொண்ட குறிசுடுதலின் வரலாற்றையும், அதற்கு வேண்டும் தோட்டாக்களைத் தம் கையாலேயே நிரப்பிக்கொள்ளும் வழக்கத்தையும் சங்கத்து அன்பர்கட்கு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

ஆதியில் துப்பாக்கி பிடித்தோர் யாவரும் தாமே மருந்து கெட்டித்தவர்களே. வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றும் கலந்த கருமருந்தை அளந்து குழலின் வாய்வழியே பெய்து, அதன்மேல் குண்டையிட்டுக் கோலால் இறுக்குவர். சக்கிமுக்கிக் கல்லின் பொறி, வெளிக் கிண்ணத்திலுள்ள மருந்தைப் பற்றி, அதன்பின் உள்மருந்தைப் பற்றும். கிண்ணத்தில் எழும் ஒளியைக் கண்டு பறவைகள் குண்டு வருமுன் பறந்துவிடும். இதனைக் கண்டு சிந்தித்த ஸ்காத்லாந்துப் பாதிரியார் அலெக்ஸாந்தர் பார்ஸைத் என்பார், அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் ரசாயனச் சரக்கினால் தீமூட்டும் முறையை வகுத்து, 1807இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இம்முறையினின்றே பிற்காலத்துச் செப்புக் கேப்பு பிறந்தது.

நிற்க. மருந்து, குண்டு, கேப்பு மூன்றையும் ஒரு பித்தளைக் கூட்டினுள் அடக்கிய தோட்டா தோன்றியபின், கேப்பின் அமைப்பு இருவகையாய்ப் பிரிந்தது. 1866ஆம் வருஷத்தில் ஆங்கிலேயராகிய எட்வர்டு பாக்ஸர் ஒரு வகையையும், அமெரிக்கராகிய ஹைரம் பெர்டன் மற்றொரு வகையையும் இயற்றினர். பாக்ஸர் வகையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை உண்டு. ஆதலின் சுட்டபின் ஓர் ஊசியால் பழைய கேப்பை எளிதில் தள்ளிவிடலாம். பெர்டன் வகையிலோ நடுவில் துளையின்றிப் பக்கங்களில் சிறு துளைகள் அமைந்தமையால், அது எளிதன்று. விந்தை யாதெனின், ஆங்கிலேயர் இயற்றியது அமெரிக்காவிலும், அமெரிக்கர் இயற்றியது ஐரோப்பாவிலும் பெரிதும் பரவியதே. அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா நிரப்பும் வழக்கம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

சுட்ட தோட்டாவில் மருந்து எரிந்தொழியும், குண்டு போய்விடும், விலையுயர்ந்த பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். அதனை எறியாமல், பழைய கேப்பை நீக்கி, விரிந்த வாயை அச்சிலிட்டு முன்னைய அளவுக்குச் சுருக்கி, புதுக் கேப்பு பொருத்தி, மருந்தை நிறுத்துப் பெய்து, குண்டை அமர்த்துவர். நிறுக்கும் அளவு கிரெயின் என்பது. அது நம் குன்றிமணி எடையில் ஏறக்குறையப் பாதி. சிக்கனம் கருதித் தொடங்கிய இவ்வேலை நாளடைவில் ஒரு கலையாயிற்று. தோட்டாவுக்குத் தோட்டா மருந்து வேறுபடின், குண்டும் ஏற்றத்தாழ்வாய்ச் சென்று படும். ஆகவே குறிசுடுவோனுடைய வெற்றி மைதானத்திலன்று, மேஜைமேல் துலாக்கோலின் முன்னரே தொடங்குகின்றது.

இனி, கவனத்தின் அருமையை விளக்கும் ஒரு பந்தயத்தைக் கூறுவோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தம் படைவீரர் குறிதவறச் சுட்டதைக் கண்டு மனம் நொந்த அதிகாரிகள், 1871இல் நியூயார்க்கில் தேசிய ரைபிள் சங்கத்தை நிறுவினர். 1873இல் லாங் ஐலண்டில் கிரீட்மூர் என்னும் மைதானம் திறக்கப்பட்டது. அவ்வருஷமே இங்கிலாந்தில் எல்கோ கேடயத்தை வென்ற ஐரிஷ்காரர், அமெரிக்கரைப் பந்தயத்துக்கு அழைத்தனர். 1874 செப்டம்பர் 26இல் இருபுறத்தும் அறுவர் நின்று, 800, 900, 1,000 கெஜத் தூரங்களில் தலைக்கு 15 குண்டுகள் சுட்டனர். ஐரிஷ்காரர் கையில் வாய்வழி கெட்டிக்கும் ரைபிள். அமெரிக்கர் கையில் பின்புறம் திறந்து தோட்டாவிடும் புதிய ரைபிள்.

ஐரிஷ்காரர் 931 புள்ளிகளோடு முடித்தனர். அமெரிக்கர் 930இல் நின்றனர். கர்னல் ஜான் பொடைனுக்கு ஒரே குண்டு மீந்திருந்தது. சற்று முன்னர்ப் பானப் புட்டியொன்று வெடித்து அவர் கையைக் கிழித்திருந்தது. குருதி கசியும் கையோடு அவர் நிதானமாய்ச் சுட்டார்; குண்டு நடுப்புள்ளியிற் பட்டு 4 எண் தந்தது. அமெரிக்கர் 934க்கு 931 என்று வென்றனர். ஆயின் மறுபக்கத்தையும் காண்க. அன்று ஐரிஷ் வீரர் ஒருவர் சுட்ட குண்டு ஒன்று நடுப்புள்ளியிலேயே பட்டது; ஆனால் அஃது அவருக்குரிய இலக்கின் நடுவன்று, அயலிலக்கின் நடு. ஆதலின் எண்ணப்படவில்லை. அந்நான்கும் சேர்ந்திருப்பின் ஐரிஷ்காரர்க்கு 935 ஆகி, வெற்றி அவர்களதாகியிருக்கும். கைத்திறன் குறைந்ததன்று, ஒரு கணத்துக் கவனமே குறைந்தது.

பந்தயத்தில் இழப்பது புள்ளியே. மருந்து நிரப்புவதில் இழப்பது கண்ணும் கையுமாகலாம். 1884இல் பிரான்சு தேசத்துப் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டார். அது கருமருந்தினும் பன்மடங்கு வலியது. பழக்கத்தினால் முன்போலக் கூடு நிறையப் பெய்தால் துப்பாக்கியே சிதறும். எனவே, 'தோராயம்' என்னும் சொல்லுக்கு இக்கலையில் இடமில்லை. அளவு நூலைப் பாராமல் மருந்தெடுப்பதும், மருந்தருகே புகைபிடிப்பதும், பேசிக்கொண்டே நிறுப்பதும் விலக்கென்பர் வல்லார்.

கிரீட்மூர் மைதானம் பின்னர் மறைந்து, அந்நிலத்தில் மனநோய் மருத்துவசாலை எழுந்தது. எனினும், 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த தோட்டா ஒன்று அப்பெயரையே தாங்கி வழங்குகின்றது.

நம் நாட்டிலோ 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் லைசென்சு வேண்டும். ஆதலின் யாவரும் இக்கலையைப் பயிலுக என்று யாம் கூறவில்லை. இதன் உட்கருத்தையே கொள்ளுமாறு வேண்டுகின்றோம். தராசு பிடிக்கும் வணிகரும், கணக்கெழுதும் குமாஸ்தாவும், பாடம் படிக்கும் நம் பிள்ளைகளும், பிறர் காணாத இடத்தில் ஒரு குன்றிமணியும் பிசகாது அளப்பாராயின், குறி தானே வந்து கூடும். தன் இலக்கு எதுவென்று அறிந்து சுடுதல் அதனினும் முதன்மையாம்.