செங்கல்பட்டுக் கேஸ் கட்டுகள்: சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து விவாகரத்து ஆவணங்கள், 1869 முதல்

சிங்கப்பெருமாள் கோவில் பாடலாத்ரி நரசிம்மர் சன்னதியில் நடந்த ஒரு கல்யாணத்துக்குச் சான்று வேண்டுமென்றால் தேடிப் போக இடங்கள் உண்டு. கோயில் ரசீது இருக்கும், பத்திரிகை இருக்கும், படம் இருக்கும். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்துக்குப் பிந்திய கல்யாணம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு இருக்க வேண்டும். அதே கல்யாணம் முறிந்ததற்குச் சான்று கேட்டால் புரட்டிப் பார்க்க ஒரு பதிவேடு கிடையாது. 1886-இன் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டமோ 1969-இன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ விவாகரத்தைப் பதியச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1858 முதல் முடிந்த விவாகரத்துகளுக்கு ஒரு மைய அட்டவணை இருக்கிறது. கட்டணம் செலுத்தினால் யாருக்காகவும் அதில் தேடித் தருவார்கள். இங்கே கல்யாணத்தை முறித்த நீதிமன்றத்தின் கேஸ் கட்டுதான் ஒரே ஆதாரம்.

அந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்பதைத் தம்பதியின் முகவரி மட்டும் முடிவு செய்வதில்லை. எந்தச் சட்டத்தின்கீழ், எந்த ஆண்டில் முறிந்தது என்பதும் முடிவு செய்கிறது. காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் என்று ஜி.எஸ்.டி. சாலையோரம் வரிசையாகக் கிடக்கும் இந்த ஊர்களின் மணமுறிவு ஆவணங்கள் ஒன்றரை நூற்றாண்டில் பல கை மாறியிருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆவணம் ஒழுங்குபட்டது. ஒழுங்குபட்டதோடு வெளியார் கண்ணிலிருந்தும் விலகியது. அந்த இரட்டைப் போக்கைச் சட்டங்களின் வழியே தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

நீதிமன்றம் வருவதற்கு முன்பே இந்தப் பக்கத்துப் பல சாதிகளில் தீர்த்துவிடும் வழக்கம் இருந்தது. நாட்டாண்மையும் உறவுக்காரர்களும் கூடிப் பேசி, பரியத்தையும் நகையையும் கணக்குத் தீர்த்து, தாலியைத் திருப்பித் தருவதோடு விவகாரம் முடியும். பெண் மறுபடி கட்டிக்கொள்ளத் தடையில்லை. ஊரார் நினைவு மட்டுமே சாட்சியாக இருந்த இந்த ஏற்பாடு, முத்திரைத்தாளில் எழுதும் பழக்கம் பரவிய பிறகு, ‘விடுதலைப் பத்திரம்’ என்ற பெயரில் காகிதத்துக்கு வந்தது. சிலர் அதைச் சார்பதிவாளரிடம் கொண்டுபோய்ப் பதிவும் செய்தார்கள்.

பதிவான பத்திரத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒரு விவரம் இங்கே இருக்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி நிலம், வீடு பற்றிய பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். அதை யாரும் பார்வையிடலாம். வில்லங்கச் சான்று அதிலிருந்துதான் வருகிறது. அசையாச் சொத்தைத் தொடாத பத்திரங்கள் 4-ஆம் புத்தகத்துக்குப் போகின்றன. 57-ஆம் பிரிவின்படி அதன் நகல், எழுதிக் கொடுத்தவருக்கும் அதன்வழி உரிமை கோருபவருக்கும் அவர்களுடைய முகவருக்கும் பிரதிநிதிக்கும் மட்டுமே கிடைக்கும். தேடுவதைக்கூடப் பதிவு அலுவலரே செய்ய வேண்டும். ஆகவே தாத்தாவின் முதல் மனைவி ‘பத்திரம் எழுதிப் பிரிந்தார்’ என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தால், வில்லங்கம் போட்டுப் பார்த்து ஒன்றும் இல்லை என்று கைவிடுவது பிழை.

பத்திரம் கிடைத்துவிட்டாலும் பிரிவு செல்லும் என்று ஆகிவிடாது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்காற்று மணமுறிவைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் தம் சாதியில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதைச் சொல்பவரே மெய்ப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம், வழக்கத்தை முறையாக எடுத்துரைத்து நிறுவாத விடுதலைப் பத்திரத்தை ஏற்க மறுத்தது. பத்திர எழுத்தரிடம் போய்க் கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு உண்மை தெரிய வருவது மறுமணத்துக்குப் பின், ஓய்வூதியத் தகராறு கிளம்பும்போதுதான்.

நீதிமன்றத்துக்கு வந்த வழி

1802-இன் ஒழுங்குமுறைகள் ஜில்லா நீதிமன்றங்களைக் கொண்டுவந்தன. மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாவட்ட முன்சீப் நீதிமன்றம் என்று நாம் அறிந்த அடுக்கு 1873-ஆம் ஆண்டின் சென்னை உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டத்தில் உறுதிப்பட்டது. அந்த அடுக்கில் அன்று இந்துக்களுக்கு விவாகரத்து இல்லை. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் இரண்டு கதவுகள் இருந்தன. மதம் மாறியதால் துணை கைவிட்டுப் போனவருக்கு 1866-ஆம் ஆண்டுச் சட்டம். ஏனைய கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டம்.

ஆவணம் தேடுவோருக்கு 1869-இன் சட்டத்தில் ஒரு முக்கியமான முடிச்சு இருக்கிறது. மாவட்ட நீதிபதி கொடுத்த தீர்ப்பாணை தானாக முழுமை பெறாது; 17-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை உறுதிசெய்ய வேண்டும். 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை இதுதான் நிலை. எனவே செங்கல்பட்டில் முடிந்த ஒரு கிறிஸ்தவ விவாகரத்துக்கு இரண்டு இடங்களில் தடம் இருக்கும்: செங்கல்பட்டில் மூல வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் உறுதி ஆணை. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தவரின் நிலைமை சட்டத்தின் பார்வையில் சிக்கலானது. பழைய கிறிஸ்தவக் குடும்ப ஆவணங்களைத் தேடுகிறவர்கள் உயர் நீதிமன்றம் இருக்கும் பாரிமுனைக்கும் போய்த்தான் ஆக வேண்டும்.

இந்துக்களுக்குப் பொதுவான கதவைச் சென்னை மாகாணம் திறந்தது 1949-இல். அந்த ஆண்டின் 6-ஆம் எண் சட்டம் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்தையும் அனுமதித்தது. 1955 மே 18-இல் இந்து திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் மாகாணச் சட்டம் விலக்கப்பட்டது. நிலுவையில் இருந்த வழக்குகள் மட்டும் பழைய சட்டப்படியே தொடர 29(3) பிரிவு இடம் கொடுத்தது. ஆறே ஆண்டு நீடித்த சட்டம் என்பதால் பலருக்கு அதன் நினைவே இல்லை. ஐம்பதுகளின் நடுவில் முடிந்த ஒரு வழக்கைத் தேடும்போது 1949-இன் சட்டமும் கணக்கில் இருக்க வேண்டும்.

அதே காலத்தில் ஆவணமே தோன்ற வாய்ப்பில்லாத ஒரு கூட்டமும் இருந்தது. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950-களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. செல்லாத திருமணத்தை எந்த நீதிமன்றத்தில் முறிப்பது? 1967-இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7-ஏ பிரிவு பழைய திருமணங்களுக்கும் பின்னோக்கிச் செல்லுபடி கொடுத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிரிந்தவர்களின் தடம் நீதிமன்றத்தில் இல்லாமல் போனதற்கு அவர்களின் அலட்சியத்தைக் காரணம் காட்டுவது நியாயமல்ல.

முஸ்லிம்களின் ஆவணப் பாதை வேறு. 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி தொடுத்த வழக்குகள் உரிமையியல் நீதிமன்றத்தில் இருக்கும். தலாக்குக்குக் காஜிகள் தந்த சான்றிதழ்கள் வெறும் கருத்துரைதான், சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது.

காஞ்சிபுரம் என்ற பெயரில் செங்கல்பட்டு

1997 ஜூலை 1-இல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. ஆட்சியர் அலுவலகம் காஞ்சிபுரத்தில் இயங்கினாலும் முதன்மை மாவட்ட நீதிமன்றம் செங்கல்பட்டிலேயே இருந்தது. 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானது. இடையிலிருந்த 22 ஆண்டுகளின் தீர்ப்பு நகலில் மாவட்டப் பெயர் காஞ்சிபுரம் என்று இருப்பதைப் பார்த்து ஒருவர் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினால் அலைச்சல்தான் மிச்சம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து இரண்டாவது ஸ்டேஷனில் அவர் தேடும் கட்டு இருக்கக்கூடும்.

‘கூடும்’ என்று நிறுத்திச் சொல்வதற்கு இந்து திருமணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு காரணம். கல்யாணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் என்ற மூன்றில் எதிலும் வழக்குப் போடலாம். 2003-ஆம் ஆண்டுத் திருத்தம், மனைவி மனுதாரராக இருந்தால் அவர் தற்போது வசிக்கும் இடத்தையும் சேர்த்தது. கோயில் ஊருக்கு இதனால் ஒரு விசித்திரமான விளைவு. வெளியூரில் குடித்தனம் நடத்தும் தம்பதி இந்தச் சன்னதியில் தாலி கட்டிக்கொண்டிருந்தால், அவர்கள் வழக்கு செங்கல்பட்டில் இருக்கலாம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண் தாம்பரத்தில் தனியாகத் தங்கி வேலை பார்த்துக்கொண்டு மனுப் போட்டிருந்தால் அது தாம்பரம் சார்பு நீதிமன்றத்தில் கிடக்கும். கணவர் சென்னை மாநகரில் என்றால் அங்குள்ள குடும்ப நல நீதிமன்றம். ஆகவே ரெக்கார்டு ரூமில் கேட்பதற்கு முன் கல்யாணப் பத்திரிகையையும் மனுப் போட்ட காலத்து ரேஷன் கார்டையும் எடுத்துப் பார்ப்பது நல்லது.

நீதிமன்றத்துக்குள்ளும் கட்டுகள் நகர்ந்திருக்கின்றன. சட்டத்தில் ‘மாவட்ட நீதிமன்றம்’ என்றிருந்த அதிகாரம் அரசு அறிவிக்கையால் சார்பு நீதிமன்றங்களுக்கும் வந்தது, ஹெச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மூல மனு) என்று எண்ணிடப்படும் மனுக்கள் அங்கே குவிந்தன. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டப்படி, ஓரிடத்தில் அந்த நீதிமன்றம் அமைந்தவுடன் நிலுவை வழக்குகள் எல்லாம் அதற்கு மாறும். செங்கல்பட்டிலும் குடும்ப நல நீதிமன்றம் வந்தது. மாறிய வழக்குக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று இருக்கலாம். முடிந்த வழக்கு பழைய நீதிமன்றத்தின் கணக்கிலேயே நிற்கும். மேல்முறையீடு போயிருந்தால் கட்டே சென்னைக்குப் பயணப்பட்டிருக்கும். வக்கீல் குமாஸ்தாக்கள் முதலில் ‘அப்பீல் போச்சா?’ என்று கேட்பது இதனால்தான்.

கதவு மூடிய வரலாறு

1869-இன் சட்டம், நீதிமன்றம் விரும்பினால் கதவை மூடிக்கொண்டு விசாரிக்கலாம் என்றது. 1955-இன் சட்டம், தரப்பினரில் ஒருவர் கேட்டாலோ நீதிமன்றம் தகுமென்று நினைத்தாலோ மூடிய அறை என்றது. 1976-இன் திருத்தம் அதைக் கட்டாயமாக்கியது. 22-ஆம் பிரிவின்படி, அனுமதியோடு அச்சாகும் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தவிர வேறெதையும் வெளியிடக்கூடாது. மீறினால் 1,000 ரூபாய் வரை அபராதம். குடும்பச் சண்டை ஊர் வாய்க்கு அவலாகாமல் காத்த இந்தத் திருத்தம் சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் ஆய்வாளருக்கு அது ஒரு கோணலான சாளரத்தை விட்டுவைத்தது. மேல்முறையீடு போன, பணமும் பிடிவாதமும் உள்ளவர்களின் வழக்குகள்தான் சட்டச் சஞ்சிகைகளில் அச்சாகின்றன. 13-பி பிரிவில் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்த தம்பதிகள் அந்தப் பக்கங்களில் அநேகமாக இல்லை.

சட்டத்திலேயே ஒரு முரணும் உண்டு. விவாகரத்துத் தீர்ப்பாணை, தரப்பினர் இருவரை மட்டுமன்றி உலகத்தையே கட்டுப்படுத்தும் சான்று. 1872-இன் சாட்சியச் சட்டத்தில் 41-ஆம் பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 35-ஆம் பிரிவாக இருக்கிறது. எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஆவணத்தை எல்லோரும் படிக்க முடியாது.

தரப்பினருக்கு வழி எளிது. இந்து திருமணச் சட்டத்தின் 23(4) பிரிவின்படி தீர்ப்பாணையின் ஒரு நகல் இலவசமாகவே தரப்பட வேண்டும். அதைத் தொலைத்தவர்கள் வழக்கு எண், ஆண்டு, தரப்பினர் பெயர் எழுதி நகல் மனுப் போட வேண்டும். கட்டணம் கேட்கும் பட்டியல் அறிவிப்புப் பலகையில் வரும். கவனிக்காமல் விட்டால் மனு தள்ளுபடியாகும். தீர்ப்பு ஒன்று, தீர்ப்பாணை ஒன்று என்பதையும் மறக்கக் கூடாது. பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரை நீக்கவும் மறுமணப் பதிவுக்கும் ‘டிகிரி காப்பி’ எனப்படும் தீர்ப்பாணை நகல்தான் முதலில் கேட்கப்படும், ஜீவனாம்சம், குழந்தை பற்றிய காரண விளக்கம் தீர்ப்பில்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்பது உத்தமம். கீழமை நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பெழுத 1976-இலேயே சட்டம் இடம் கொடுத்துவிட்டதால், வெளிநாட்டு விசாவுக்குப் போகிறவர் மொழிபெயர்ப்புக்கும் நாள் ஒதுக்க வேண்டியிருக்கும்.

எண் தெரியாதவர்களுக்கு இ-கோர்ட்ஸ் தளம் பெரிய உதவி. மாவட்டம், நீதிமன்ற வளாகம், பெயர், ஆண்டு கொடுத்துத் தேடினால் எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடம் கொண்ட சி.என்.ஆர். என்ற வழக்கு எண் கிடைக்கும். கணினிக்கு ஏறாத பழைய வழக்குகளுக்கு அந்தந்த ஆண்டின் வழக்குப் பதிவேட்டைப் புரட்டச் சொல்லிக் கேட்பதுதான் வழி. குத்துமதிப்பாக ஆண்டாவது தெரிந்திருக்க வேண்டும். தளத்தில் பல நேரம் தீர்ப்பின் உள்ளடக்கம் மறைக்கப்பட்டிருக்க, கணவன் மனைவி பெயரும் வாய்தா தேதிகளும் திறந்து கிடக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுவே போதும். 1976-இன் திருத்தம் காக்க நினைத்ததைப் பெயர்த் தேடல் பெட்டி பாதிக்குப் பாதி தோற்கடித்துவிட்டது.

மூன்றாம் நபர்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் உதவாது. நீதிமன்ற விதிகளின்படி நகல் பெற வழி இருக்கும்போது அந்த வழியில்தான் வர வேண்டும் என்று 2020 மார்ச் 4-இல் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வாரிசுத் தகராறில் இருக்கும் பிள்ளைகள், இரண்டாம் மனைவி, வரன் விசாரிக்கும் பெற்றோர் எல்லோரும் காரணத்தை விளக்கிப் பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட்டு, நீதிபதியின் அனுமதி பெற வேண்டும். ஓய்வூதியமோ வாரிசு உரிமையோ இந்த நகலைச் சார்ந்திருக்கிறது என்று காட்டுபவருக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வரன் விசாரிப்பவருக்கு அந்தச் சிரமமே வேண்டாம்: இலவச நகல் பெற்றவர் எதிரிலேயே இருக்கிறார், அவரிடமே கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.